சொட்டும் இல்லை, புகையும் இல்லை: ஒரு சென்னைப் பயணத்துக்கு முக்கால் லிட்டர் ஆயில் எங்கே போனது?

பொள்ளாச்சியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியரின் கார் இது. பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. 71,000 கி.மீ. ஓடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார், என்னிடம் வந்தபோது 96,000. வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கி.மீ., வாரம் முழுக்க அவ்வளவுதான் ஓட்டம். ஆனால் மகள் சென்னையில் படிப்பதால் மாதத்துக்கு ஒரு தடவையாவது சென்னை போய் வருவார், போக வர 1,080 கி.மீ. ஆகும்.

கடைசியாக ஆயில் மாற்றிய பிறகு இப்படி இரண்டாவது முறை சென்னை போய்த் திரும்பி வந்த ஒரு ராத்திரி, ஊருக்குள் ஒரு வளைவில் திரும்பும்போது சிவப்பு ஆயில் லைட் ஒரு விநாடி எரிந்து அணைந்திருக்கிறது. மனுஷர் உடனே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார், இன்ஜின் பிழைத்தது அதனால்தான். மறுநாள் காலையில் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் நுனியில் கூட ஆயில் இல்லை. மேல் கோடு வரை வர 1.6 லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆயில் மாற்றி மூன்று மாதம் கூட ஆகியிருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் இன்ஜினை ஜாம் ஆக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சிவப்பு லைட் ஆயிலின் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில் ஆயில் எவ்வளவு குறைந்தாலும் பம்ப்பின் வாய் முங்கியிருக்கும்வரை அழுத்தம் இருக்கும், லைட் எரியாது. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அப்போதுதான் எரிகிறது. அதாவது அது எரியும் நேரத்தில் பாதிக்குப் பக்கமாக ஆயில் போயிருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவை ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

ஆயில் ஊற்றிய கடையில் கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்களாம். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும், 45,000 ஆகும் என்று. சார் அந்த எஸ்டிமேட் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, தரையில ஒரு சொட்டு இல்லீங்க, பின்னாடி புகையும் வர்றதில்லீங்க. அப்புறம் ஆயில் மட்டும் எங்கீங்க போகுது? இறக்கித்தான் ஆகணுங்களா?"

"இறக்கலாங்க சார், அது கடைசி வேலை. மொதல்ல எவ்வளவு போகுது, எந்த வழியா போகுதுன்னு பார்த்துருவோம்" என்றேன்.

வழி என்று பார்த்தால் மூன்றுதான். வெளியே ஒழுக வேண்டும், அல்லது சிலிண்டருக்குள் போய் எரிய வேண்டும், அல்லது கூலன்ட்டில் கலக்க வேண்டும். மூன்றாவதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம்: கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இல்லை, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை, கூலன்ட் அளவும் குறையவில்லை.

அளவு எடுப்பதுதான் நிறையப் பேர் தாண்டிப்போகிற இடம். சார் ஸ்டிக்கைப் பார்த்ததெல்லாம் பெட்ரோல் பங்க்கில், இன்ஜினை நிறுத்தின கையோடு. அப்போது கொஞ்சம் ஆயில் இன்னும் கீழே இறங்காமல் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும். பங்க் தரையும் சரிவாக இருக்கும். அதனால் முதலில் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு மேல் கோடு வரை நிரப்பினோம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி அரை மணி நேரம் வடியவிட்டு, வடிந்த ஆயிலைச் சுத்தமான கேனில் பிடித்து எடை போட்டோம். டப்பா எடை போக 2.62 கிலோ. அதே ஆயிலைத் திரும்ப ஊற்றி, "சார், சென்னை போயிட்டு வாங்க, ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்டிக்கைப் பாருங்க, கீழ்க் கோட்டுக்கு வந்தா என்னைக் கூப்பிடுங்க" என்று ஒரு லிட்டர் ஆயிலையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எடை போட வேண்டும், ஸ்டிக் போதாதா என்று எங்களிடம் வேலை பார்க்கிற பையனே கேட்டான். காரணம் இருக்கிறது. சாருடைய வார ஓட்டம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டம், இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். அந்த மாதிரி ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். ஆயில் குறைந்துகொண்டே இருந்தாலும் பெட்ரோல் அந்த இடத்தை நிரப்பி, ஸ்டிக்கில் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும். அப்புறம் ஹைவேயில் ஐந்து மணி நேரம் சூடாக ஓடும்போது அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், அளவு திடீரென்று இறங்கும், ஒரே பயணத்தில் எல்லாம் போனதுபோலத் தெரியும். புது ஆயிலில் தொடங்கி எடை போட்டால் இந்தக் குழப்பம் வராது.

திரும்பி வந்தார். கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. அதே சூடு, அதே அரை மணி நேரம், வடித்து எடை போட்டால் 1.96 கிலோ. 660 கிராம் காணோம். ஆயிலின் அடர்த்தி 0.85 சுமார் என்பதால் 780 மி.லி. இரண்டு பயணத்துக்கு 1.6 லிட்டர் என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. 1000 கி.மீ.க்கு அரை லிட்டர், சில கம்பெனிகள் 1 லிட்டர் வரை கூட ஏற்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள், அந்தக் கணக்கில் இது "நார்மல்" என்று கூடச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் எரிந்து சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அதன் விலை இந்த வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கு.

அடுத்து வெளி ஒழுகல். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினோம். இந்தத் தட்டு இருக்கிற வண்டிகளில் "தரையில் சொட்டு இல்லை" என்பதற்கு அர்த்தமே கிடையாது, ஒழுகுவதெல்லாம் தட்டிலேயே தேங்கும். அதோடு ஆயில் பிரஷர் சுவிட்ச் மாதிரி சில இடங்கள் இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் கசியும், நிறுத்தினால் நின்றுவிடும், கசிந்தது காற்றில் பின்னால் பறந்து வண்டி அடியில் அப்பிக்கொள்ளும். இந்த வண்டியில் டைமிங் கவர் ஓரத்தில் லேசாக வேர்த்த மாதிரி ஈரம், மற்ற இடமெல்லாம் பழைய அழுக்கு. எல்லாவற்றையும் கழுவிக் காயவிட்டு, ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், சேம்பர் ஓரம், பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் வாய், கிராங்க் சீல், கியர்பாக்ஸ் சேரும் இடம் என்று எங்கும் டால்கம் பவுடரைத் தூவி, உடுமலை வரை போய்த் திரும்பி வந்தேன். பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது, டைமிங் கவரில் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு தவிர.

மணலில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தாலே போதும். ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 20 சொட்டு. 780 மி.லி. என்றால் 15,600 சொட்டு. கிலோமீட்டருக்கு 14 சொட்டுக்கு மேல். அப்படி ஒழுகினால் வண்டியின் அடிப்பாகம் குளித்திருக்கும், சைலன்சர் சூட்டில் பட்டு உள்ளே உட்கார முடியாத அளவுக்குக் கருகல் வாசனை அடித்திருக்கும். ஆகவே எரிகிறது. புகை தெரியாததற்குக் காரணம் கன்வெர்ட்டர்தான், நல்ல நிலையில் இருக்கிற கன்வெர்ட்டர் இந்த அளவு ஆயில் புகையைக் கண்ணுக்குத் தெரியாமல் எரித்துவிடும்.

எரிகிறது என்றதும் எல்லோருடைய வாயிலும் ரிங்தான் வரும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்த்தோம்: 178, 175, 180, 176 பி.எஸ்.ஐ. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தபோது பெரிதாக ஏறவில்லை, மேல் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். மேல் ரிங்குகள் நன்றாக இருக்கின்றன என்பது வரைக்கும்தான் இதில் சொல்ல முடியும். அடியில் இருக்கிற ஆயில் ரிங் கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் முழுசாக இருக்கும், ஆயிலும் குடிக்கும். அதனால் 45,000 எஸ்டிமேட் பொய் என்று இந்த நேரத்தில் நான் சாரிடம் சொல்லவில்லை.

ஸ்பார்க் பிளக் நான்கையும் வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் முதல் தடயம் கிடைத்தது. நான்கிலும் ஒரே மாதிரி, சாம்பல் நிறத்தில் மெல்லிய பொருக்கு. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்று இல்லை. ரிங்கோ, வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் கைடு சீலோ கெட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டரில் கூடுதலாகத் தெரியும். நான்கும் சமமாக ஆயில் குடிக்கிறது என்றால், நான்குக்கும் பொதுவான ஒரு வாசல் வழியாக வருகிறதோ என்ற சந்தேகம் வந்தது.

கைடு சீலைப் பார்க்க எங்கள் ஊரில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கினால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும், சீல் கெட்டிருந்தால் ஆயில் வால்வு வழியாக உள்ளே இறங்கித் தேங்கும், கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் குப்பென்று நீலப் புகை வரும். நான் ஓட்ட, பையன் பைக்கில் பின்னால் வந்தான். ஒரு நீண்ட இறக்கம் முடிந்து மிதித்தேன். பையன் ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னான்.

"அண்ணா, லேசா வந்துச்சுண்ணா. நீலமாத்தான். கைடு சீலேதாண்ணா."

அவன் சொன்னதில் தப்பு இல்லை, பாடப்படி அதுதான் பதில். ஆனால் நான்கு பிளக்கும் ஒரே மாதிரி இருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதே உறிஞ்சல் இன்னொரு குழாயையும் இழுக்கிறது. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற வாயுவை வெளியே விடாமல் திரும்ப மேனிபோல்டுக்கே அனுப்ப, டேப்பட் கவரிலிருந்து ஒரு ஹோஸ் போகிறது, வழியில் பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன வால்வு. நாங்கள் பிரீதர் என்று பொதுவாகச் சொல்வது இதையும் சேர்த்துத்தான். அது கெட்டால் வாயுவோடு ஆயிலும் போகும், அதுவும் இறக்கத்தில் இதே மாதிரிதான் புகை தள்ளும்.

சோதனை சுலபம். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அந்த ஹோஸை மேனிபோல்டிலிருந்து கழற்றி, மேனிபோல்ட் பக்கத்து வாயை ரப்பர் மூடி போட்டு அடைத்து, ஹோஸ் நுனியை மூச்சுத் துளை உள்ள ஒரு பாட்டிலில் விட்டோம். கைடு சீல்தான் காரணம் என்றால் இப்போதும் புகை வர வேண்டும், ஏனென்றால் மேனிபோல்டின் உறிஞ்சல் அப்படியேதான் இருக்கிறது. திரும்ப ஆழியாறு, திரும்ப அதே வளைவுகள், அதே கியர். மூன்று தடவை மிதித்தேன். ஒன்றுமே வரவில்லை. பையன் பக்கத்தில் வந்து கையை விரித்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, சாருக்கு ஹெட்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

மேனிபோல்டின் வாயில் இருக்கும் திராட்டில் பாடியைக் கழற்றி டார்ச் அடித்தோம். மேனிபோல்டின் அடியில் தேன் நிறத்தில் ஆயில் தேங்கி, வெளிச்சத்தில் பளபளத்தது. வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை விரலில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் சொட்டச் சொட்ட வந்தது. பி.சி.வி. வால்வைக் கழற்றி வாயில் ஒரு சின்ன ஹோஸ் வைத்து ஊதினேன். இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மேனிபோல்ட் பக்கத்திலிருந்து ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். இது இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது. குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்டது என்பதால், குலுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வால்வு என்றே முடிவு செய்திருப்போம். புது வால்வு சில நூறு ரூபாய்தான். மாற்றி, மேனிபோல்டைத் துடைத்து, ஆயில் நிரப்பி, எடை போட்டு, சாரை அனுப்பினோம்.

திரும்பி வந்து வடித்தால் 340 கிராம் குறைவு. 400 மி.லி. பாதிதான் நின்றிருக்கிறது. சாரின் முகம் வாடிவிட்டது. "பாதி ரிங்கா இருக்குமோ தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கலாம். ஆனால் அளக்காமல் சொல்லக்கூடாது.

இந்த முறை பி.சி.வி. வால்வுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் ஒரு கேட்ச் கேன் வைத்தோம். பெரிய விஷயம் இல்லை, காற்று புகாத ஒரு கண்ணாடி டப்பா, உள்ளே ஸ்டீல் நார், ஒரு வழியாக வாயு வந்து நாரில் மோதி ஆயிலை விட்டுவிட்டு மறு வழியாகப் போகும். சேலம் வரை போய்த் திரும்பி 400 கி.மீ. டப்பாவில் 130 மி.லி., அடியில் கொஞ்சம் தண்ணீர். 1,080 கி.மீ.க்கு 400 மி.லி. என்றால் 400 கி.மீ.க்கு 148 வர வேண்டும். அதாவது மிச்சம் போகிற ஆயிலில் பெரும்பகுதி இதே குழாய் வழியாகத்தான் இன்னும் போகிறது. ரிங் வழியாக நேரடியாக எரிவதற்கு அந்தக் கணக்கில் பெரிதாக இடம் இல்லை. ரிங் தேய்ந்து அதிகப்படி வாயு கீழே இறங்கி அது ஆயிலைத் தள்ளுகிறதா என்றும் பார்த்தோம், இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று அடிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை.

அப்படியென்றால் புது வால்வு இருந்தும் ஆயில் ஏன் அதுவரைக்கும் வருகிறது? டேப்பட் கவரைக் கழற்றினோம்.

கவரின் உள்பக்கம் பி.சி.வி. துளைக்குக் கீழே ஒரு தகடு இருக்கும். வாயுவோடு வருகிற ஆயில் துளிகள் அதில் மோதி, தேங்கி, சின்னத் துளைகள் வழியாகத் திரும்ப ஹெட்டுக்குள் வடிய வேண்டும். கவரைத் தலைகீழாக இல்லாமல் வண்டியில் இருக்கிற மாதிரியே பிடித்து, பி.சி.வி. துளை வழியாக அரை டம்ளர் டீசல் ஊற்றினேன். நல்ல கவரில் ஊற்றின வேகத்தில் கீழே கொட்டும். இதில் ஒரு சொட்டு வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆகியும் டீசல் துளைக்குள் அப்படியே நின்றது. கம்பியை விட்டுக் குத்தினால் தார் மாதிரி கறுப்பாக ஒரு பிசுக்கு கம்பியோடு வந்தது.

வடிய வழி இல்லாததால் ஆயில் வால்வின் வாயிலேயே குளம் கட்டி நின்றிருக்கிறது, மேனிபோல்ட் அதை உறிஞ்சியிருக்கிறது. ஹைவேயில் மட்டும் ஏன் என்பதும் இப்போது புரிந்தது. 100 கி.மீ. வேகத்தில் இந்த இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் மணிக்கணக்கில் சுற்றும், கேம் ஷாஃப்ட் ஆயிலை வாரி அடிக்கும், மேலே வருகிற வாயுவும் அதிகம். தகட்டுக்குப் பின்னால் சேரும் ஆயில், கசிகிற அந்த ஒன்றிரண்டு சொட்டை விட வேகமாகச் சேரும். பள்ளிக்குப் போகிற 3 கி.மீ.யில் அவ்வளவு சேராது, சேர்ந்தது ராத்திரியில் மெல்ல வடிந்துவிடும்.

பிசுக்கு எப்படி வந்தது என்பதற்கு முதல் உரிமையாளரின் சர்வீஸ் புத்தகமே சாட்சி. ஒரு இடத்தில் இரண்டு ஆயில் மாற்றத்துக்கு நடுவே 19,000 கி.மீ. இடைவெளி. அதற்கு மேல் சாருடைய சின்ன ஓட்டமும், அதில் சேரும் தண்ணீரும் பெட்ரோலும். தகடு ரிவெட் அடித்தது, கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. ராத்திரி முழுக்க டீசலில் ஊறப்போட்டும் நான்கு துளையில் இரண்டுதான் திறந்தது. புதுக் கவர் வரவழைத்துப் போட்டோம். கவர், பேக்கிங், வால்வு, ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 9,000-க்குள் முடிந்தது.

அதற்குப் பிறகு சென்னை போய் வந்து எடை போட்டபோது குறைவு 60 கிராம், 70 மி.லி. அடுத்த பயணத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. எஸ்டிமேட் காகிதத்தை சார் என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆயில் மாற்றும் தூரத்தைக் கி.மீ. கணக்கில் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறோம், அவருடைய ஓட்டத்துக்கு அதுதான் சரி. டைமிங் கவரில் அந்தப் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றுவது பெரிய வேலை, இப்போதைக்குத் தேவை இல்லை என்று விட்டிருக்கிறேன். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது பிளக் நான்கையும் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும், சாம்பல் பொருக்கு புதிதாகச் சேர்ந்திருந்தால் ஆயில் ரிங்கையும் ஒரு தடவை யோசிக்க வேண்டியிருக்கும்.